ஊதும் அகிலும் எங்கட ஊர் வாசமும்

கல்முனை பஸாரில் அத்தரும் சென்ட்டும் விக்கிற ஒரு கடையில் கண்ணாடி அலுமாரியை மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, மூன்றாவது தட்டில் 'யுனிசெக்ஸ்' எண்டு ஒரு ஸ்டிக்கர். அந்த மூன்றாவது தட்டில் இருக்கிறதில் பாதிக்கு மேல் மரவாசம்தான். ஊது, சந்தனம், தேவதாரு. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், இதைப் பூசுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று நாலு வரி இருக்கும்: அமைதியானவர், ஆழமானவர், கூட்டத்தில் தனியாகத் தெரிகிறவர், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாதவர். வாசத்தோட ஒரு குணத்தையும் போத்தலில் அடைத்துத்தான் விக்கிறாங்க.

அதை வாசித்துச் சிரித்துவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குள் பேச்சு வந்தது. மரவாசம் எங்கட ஊரில் எப்ப ஆணுக்கு எண்டும் பெண்ணுக்கு எண்டும் பிரிந்திருந்தது, இப்ப ஒண்டாக்கி விக்கிறதுக்கு? ஊது வாசம் வந்தால் எங்களுக்கு ஞாபகம் வருகிற ஆள் யார்? ஒருவருக்கு ஜும்ஆவுக்குப் போகிற வாப்பா. ஒருவருக்கு சவூதியில் பதினொரு வருசம் இருந்துவிட்டு வந்த உம்மா. இன்னொருவருக்கு மையத்து வீடு. பெட்டியில் எழுதியிருக்கிற அந்தத் தனியாள் யாருடைய ஞாபகத்திலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சின் தொடர்ச்சி.

சொல்லில் இருந்து தொடங்குவோம். ஊதுபத்தி என்றால் ஊதி அணைக்கிற பத்தி, அல்லது புகையை ஊதுகிற பத்தி எண்டுதான் கனபேர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் இருக்கிற 'ஊது' அரபுச் சொல். ஊத் என்றால் மரக்கட்டை, தடி. அதே பெயரில் ஒரு நரம்பு வாத்தியமும் இருக்கு. உர்தூக்காரர் ஊத்பத்தி என்றார்கள், தமிழ் அதை ஊதுவத்தி, ஊதுபத்தி என்று எடுத்துக்கொண்டது. இப்படி, அரபி தெரியாத வீட்டிலும், முஸ்லிம் இல்லாத வீட்டிலும், சாமி படத்துக்கு முன்னாலயும் அந்த அரபு மரக்கட்டை நாளாந்தம் எரிகிறது. இன்றைய பத்தியில் ஊது ஒரு துளியும் இல்லை என்பது வேறு கதை.

ஊதுக்குத் தமிழில் அதைவிடப் பழைய பெயர் இருக்கு: அகில். அக்குவிலாரியா என்கிற மரக்குடும்பம், அசாமில் இருந்து வியட்நாம், சுமத்ரா, போர்ணியோ வரைக்கும் காட்டில் வளர்வது. நல்ல சுகதேகியான அகில் மரத்தை வெட்டினால் ஒன்றும் இருக்காது. வெள்ளையாய், பாரமில்லாமல், மணமில்லாமல் ஒரு சாதாரணப் பலகை. மரத்தில் காயம் பட வேண்டும். பூச்சி துளைக்க வேண்டும், மின்னல் அடிக்க வேண்டும், கொப்பு முறிய வேண்டும். அந்தக் காயத்துக்குள் பூஞ்சணம் புகுந்தால், மரம் தன்னைக் காப்பாற்ற ஒரு பிசினைச் சுரக்கும். வருசக் கணக்காகப் பிசின் ஊறிய இடம் கறுத்து, பாரமாகி, தண்ணியில் போட்டால் தாழும். சீனர்கள் அதற்கு வைத்த பெயரே 'தாழும் வாசம்' என்ற பொருளில்தான். அந்தக் கறுத்த துண்டுதான் ஊது. மற்றதெல்லாம் விறகு.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சாமான்களின் பட்டியல் ஒன்று வருகிறது. மேற்கு மலையில் இருந்து சந்தனமும் அகிலும், ஈழத்தில் இருந்து உணவு. எங்கட தீவை அந்தப் புலவர் வாசத்துக்காக ஞாபகம் வைக்கவில்லை, சாப்பாட்டுக்காகத்தான் வைத்திருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையில் அக்குவிலாரியா இயல்பாக வளர்வதில்லை. அங்கே வெள்ளகில் என்று சொல்லப்படுவது வேறு மரம். ஆகவே அந்த அகிலும் இந்த ஊதும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்து அகில் விசயம் வேறு. அங்கே அது கொண்டல் காற்றோடு, கிழக்கில் இருந்து கப்பலில் வருகிறது. பிற்காலத்தில் அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில். கடைசியைத் தவிர மற்ற மூன்றும் ஊர்ப் பெயர்கள். அருமணம் பர்மாக் கரை, தக்கோலம் மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம், கிடாரம் இன்றைய கெடா. தேயிலையை நுவரெலியா, திம்புள்ள என்று ஊர் சொல்லி விக்கிற மாதிரி, அன்றைக்கு அகிலை ஊர் சொல்லி வித்திருக்கிறார்கள்.

அரபு வியாபாரிகளும் அதையேதான் செய்தார்கள். கமாரி என்றால் கெமர் நாட்டு ஊது, ஸன்ஃபி என்றால் சம்பா நாட்டு ஊது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் கிந்தியை மெய்யியலாளர் எண்டுதான் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அவருடைய பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட வாசனைச் செய்முறைகள் கொண்ட ஒரு நூலும் இருக்கு. கஸ்தூரி, அம்பர், ஊது, கற்பூரம், சந்தனம் எல்லாம் அளவு சொல்லி, வடிக்கிற முறை சொல்லி எழுதப்பட்டது. விலை கூடிய சரக்குக்குப் பதிலாக மலிந்த சரக்கில் அதே மாதிரி எப்படிச் செய்யலாம் என்றும் அதில் வழி இருக்கு. டூப்ளிகேட் சென்ட் நேற்று வந்த வியாதி இல்லை.

இப்போது எங்கட தீவுக்கு வருவோம். 1344இல் மாலைதீவில் இருந்து புறப்பட்ட இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார், பாவா ஆதம் மலைக்குப் போனார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கரையெங்கும் ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாக அவர் எழுதியதும் பிரபலம். அந்த இடத்திலேயே அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார். இலங்கையில் ஒருவகை ஊதும் உண்டு, ஆனால் அது கமாரி, காக்குலி வகைகளைப் போல் இல்லை என்று. இலங்கையில் அக்குவிலாரியா இயல்பாக இல்லாததால், இந்தக் குறிப்பைக் கனகாலம் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் தென்மேற்கு ஈரவலயக் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வல்லப்பட்டை என்று ஒரு மரம் நிற்கிறது. தாவரவியலில் கைரினோப்ஸ் வல்லா, அகிலின் ஒன்றுவிட்ட சொந்தம். சிங்களத்தில் 'பட்ட' என்றால் பட்டை. அந்த மரத்தின் பட்டையை உரித்துக் கயிறாகக் கட்டுவார்கள், அவ்வளவுதான் அதன் பெறுமதி. 2012 அளவில் திடீரென்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பைகளுக்குள் வல்லப்பட்டைத் துண்டுகள் பிடிபடத் தொடங்கின. பல துண்டுகள் துபாய்க்குப் போக இருந்தவை. அதையொட்டி ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பிசினைச் சோதித்து, அதில் ஊதில் இருக்கிற அதே மாதிரியான வாசனைச் சேர்மங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2004இல், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் அக்குவிலாரியா, கைரினோப்ஸ் இரண்டு பேரினங்களையும் முழுதாகச் சேர்த்திருந்தார்கள். சட்டம் இருந்தது, மரம் எதுவென்று திருடருக்குத்தான் முதலில் தெரிந்தது. இப்னு பதூதா சொன்ன மரம் வல்லப்பட்டைதான் எண்டு நாங்கள் சத்தியம் பண்ண மாட்டோம். ஆனால் அந்தப் பழைய குறிப்பைத் தூக்கிப்போட இனி ஏலாது.

சரி, இதில் ஆண் எங்கே, பெண் எங்கே? பழைய தமிழ் இலக்கியத்தில் சந்தனச் சாந்து ஆண் மார்பிலும் இருக்கு, பெண் மார்பிலும் இருக்கு. அகில் புகை பெரும்பாலும் பெண்ணின் ஈரக் கூந்தலுக்குப் போகிறது. மரத்துக்குப் பால் இல்லை, அது உடம்பில் படுகிற இடத்தில்தான் வித்தியாசம். எங்கட மார்க்கத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். திர்மிதி போன்ற தொகுப்புகளில் வருகிற ஒரு ஹதீஸின் கருத்து, ஆண்களின் நறுமணம் வாசம் வெளியே தெரிந்து நிறம் மறைந்ததாகவும், பெண்களின் நறுமணம் நிறம் தெரிந்து வாசம் அடங்கியதாகவும் இருக்க வேண்டும் என்பது. இன்ன மரம் ஆணுக்கு, இன்ன பூ பெண்ணுக்கு என்று அதில் இல்லை. எவ்வளவு தூரத்துக்கு மணக்கலாம் என்பதுதான் பேச்சு. இப்னு உமர் கலப்பில்லாத ஊதையும், சில நேரம் கற்பூரம் சேர்த்த ஊதையும் புகையிட்டார், அது நபிகளாரின் வழமை என்றார் என ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இன்னொரு இடைச்செருகல்: 'ஊதுல் ஹிந்தி'யில் ஏழு நிவாரணம் என்கிற ஹதீஸைக் காட்டி ஊது விக்கிறவங்க கவனிக்கணும். அங்கே சொல்லப்படுவது குஸ்து என்று ஹதீஸிலேயே விளக்கம் வருகிறது. அது கோஷ்டம் என்கிற வேர், ஊது மரம் இல்லை.

ஆக எங்கட பக்கத்தில் வாசத்தைப் பிரித்தது வாசற்படிதான். வீட்டுக்குள்ள எது வேணுமெண்டாலும், வாசல் தாண்டினால் பெண்ணுக்குக் கணக்கு. இந்த இடத்தில் அம்பாறைக் கரையின் வரலாறு ஒரு வேடிக்கையான வேலை செய்கிறது.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பிடிக்குள் இருந்த பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னமும் இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரைக்கும் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்புத்தான். இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒன்று குடி முறை. தாய் வழியாகக் குடி வரும். கலியாணத்தில் வீடு பெண்ணுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் வருசக் கணக்காக ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

வீடு பெண்ணுடையது என்றால் வீட்டு வாசமும் பெண்ணுடையது. சாம்பிராணிச் சட்டி யாருடைய கையில் இருந்தது எண்டு கேட்டுப் பாருங்க. வியாழன் பின்னேரம் மஃரிப் நேரத்தில் சிரட்டைக் கரி தணலாக்கி, சாம்பிராணி தூவி, ஒவ்வொரு அறையாகப் புகை காட்டுவது மூத்தம்மாதான். பிள்ளை பெத்த வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் புகை பிடிப்பதும் பெண்கள்தான். வீட்டில் மௌலிது ஓதினால் சந்தனம் கரைத்து வைப்பதும், பன்னீர்ச் செம்பை மினுக்கி எடுப்பதும் உள்வீட்டு வேலை. அந்தப் புகை ஆணின் சட்டையிலும் ஏறும், பெண்ணின் கூந்தலிலும் ஏறும், பாயிலும் தலையணையிலும் ஏறும். பள்ளிக்குப் போகிற வாப்பாவின் 'ஆம்பிள வாசம்' உண்மையில் அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் வாசம். இப்படிச் சொன்னதுக்கு எங்களில் ஒருவருடைய வாப்பா கோபித்தார். மூத்தம்மா சிரித்தார்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் வருசம் ஒருக்கா கொடியேற்றம் நடக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் கடற்கரையில் உப்புக்காத்தோடு சந்தனமும் சாம்பிராணியும் கலந்து வரும். ஆண், பெண், பிள்ளைகள், பக்கத்து ஊர்த் தமிழர் என்று எல்லாரும் அந்தப் புகைக்குள் நிற்பார்கள். 1980களுக்குப் பிறகு மார்க்கச் சீர்திருத்தப் பேச்சு பலமாக வந்ததோடு கந்தூரி, மௌலிது, சந்தனம் பூசுவது எல்லாம் வாதத்துக்குரிய விசயமாகிவிட்டன. எது சரி எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. வாசத்தின் பக்கம் இருந்து பார்த்தால் நடந்தது ஒன்று மட்டும்: சாம்பிராணிச் சட்டி பின்கட்டுக்குப் போனது, அத்தர் போத்தல் முன்னுக்கு வந்தது. புகை கூட்டத்துக்கு உரியது, அத்தர் ஒருவரின் சட்டைப் பைக்கு உரியது. பெண்களின் கையில் இருந்த ஒரு வேலை சத்தமில்லாமல் குறைந்ததை இரண்டு பக்கத்தாரும் கவனிக்கவில்லை எண்டுதான் எங்களுக்குப் படுகிறது.

ஆனால் பெண்கள் அதை வேறு வழியால் திருப்பிக் கொண்டு வந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் இருந்து சவூதி, குவைத், அபுதாபி என்று வீட்டு வேலைக்குப் போன பெண்களில் எங்கட கரைப் பெண்கள் ஏராளம். போன இடத்தில் அரபு வீட்டு மஜ்லிஸுக்குப் புகை போடுவதும், அபாயாக்களை ஊதுப் புகையில் பிடித்து மடிப்பதும் அவர்களில் பலருக்கு நாளாந்த வேலை. எந்தத் தணலில் வைத்தால் ஊது கருகும், எந்தத் தணலில் வைத்தால் மெல்ல அவியும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். எசமானியின் சேலைக்கும் எசமானின் தோப்புக்கும் ஒரே மப்கரா, ஒரே கட்டை. வளைகுடாவில் ஊது ஒருநாளும் ஆணுக்கோ பெண்ணுக்கோ தனியாக இருந்ததில்லை. விருந்தாளி எழும்பும் நேரம் அதைச் சுற்றிக் காட்டுவார்கள்.

அவர்கள் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் டேங் தூள், கம்பளி, டோர்ச் லைட் இவற்றோடு சின்னத் தகர டப்பாவில் பக்கூரும் வந்தது. எங்கட தலைமுறைக்கு 'வெளிநாட்டு வாசம்' எண்டால் அந்தப் பெட்டி திறக்கிற வாசம்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது உடுத்த உடுப்போடு திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பெட்டி வரவில்லை. உம்மாமார் இல்லாத வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருகிற ஒரு மரவாசத்தை உம்மா எண்டு படித்துக்கொண்டார்கள். 'மர்மமான, எளிதில் நெருங்க முடியாத ஆளுமை' எண்டு பெட்டியில் எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சின்ன டப்பா வந்த வழியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பெயர்பெற்ற வாசனை நிறுவனங்களில் ஒன்றான அஜ்மல், அசாமின் ஹோஜாய் ஊர்க்காரர் ஒருவர் தொடங்கியது. ஊது வியாபாரத்தோடு அவர் பம்பாய்க்குப் போனார், 1951 என்று தங்கள் தொடக்க வருசத்தைச் சொல்கிறார்கள். பிறகு துபாய். அசாம் காட்டு மரம் பம்பாய்க்குப் போய், துபாய்க்குப் போய், அங்கே எங்கட உம்மா ஒருவரின் சம்பளத்தில் விலைப்பட்டு, கொழும்பு வழியாகக் கல்முனைக்கு வருகிறது. நேர்கோட்டில் போட்டால் வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான். கொண்டல் காற்றில் வந்த பழைய அகில் இதைவிடக் குறுக்கு வழியில் வந்திருக்கிறது.

மேற்கத்தைய யுனிசெக்ஸ் கதை இதற்கெல்லாம் பிந்தியது. ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் பிரிவினை இறுக்கமாக இல்லை. 1709இல் கொலோன் நகரத்தில் ஃபாரினா செய்த எலுமிச்சை வாசத் தண்ணியை ஆணும் பெண்ணும் பூசினார்கள். 1889இல் கெர்லான் வெளியிட்ட ஜிக்கியையும் இரு பாலாரும் பூசினார்கள். பூ பெண்ணுக்கு, மரம் ஆணுக்கு என்று விளம்பரங்கள் கோடு கீறி, கடைகளில் தட்டுப் பிரித்து வைத்தது அதற்குப் பிறகுதான் இறுகியது. அப்படிப் பிரித்ததை 1994இல் கல்வின் கிளைன் சீகே வன் என்று ஒரு போத்தலில் மறுபடி ஒட்ட வைத்தபோது அது புரட்சி மாதிரிப் பேசப்பட்டது. 2002இல் ஈவ் சாங் லோரான் நிறுவனத்தின் எம்7 மேற்கத்தையப் பெருஞ்சந்தைக்கு ஊதைக் கொண்டு வந்தது. அப்போது அது ஆண்களுக்கான சென்ட், பெரிதாக விலைப்படவில்லை. அதன் பின்னால் இருந்த டாம் ஃபோர்டே 2007இல் தன் சொந்தப் பெயரில் ஊத் வுட் என்று யாரும் பூசலாம் என்கிற வகையில் வெளியிட்டார். அது ஓடியது. இன்றைக்கு எங்கட பஸாரில் மூன்றாவது தட்டில் நிற்கிற மலிவுப் போத்தல்களில் கனக்க அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

அவற்றுக்குள் ஊது இருக்கா எண்டு கேட்டால், பெரும்பாலும் இல்லை. நல்ல ஊது எண்ணெய் தங்கத்தோட போட்டி போடுகிற விலை. அதைத் தண்ணி மாதிரி ஊற்ற எந்தக் கம்பனிக்கும் கட்டாது. ஆய்வுகூடத்தில் செய்த மூலக்கூறுகளால் ஊது மாதிரி ஒரு எண்ணத்தை உண்டாக்குகிறார்கள். 1970களில் வந்த ஐசோ ஈ சூப்பர் என்கிற ஒன்று இந்த 'மெல்லிய மரவாசம்' எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு. சிலருக்கு அது மணக்கவே மணக்காது, பக்கத்தில் இருக்கிறவருக்கு மணக்கும். உண்மையான ஊதை முதன்முதலில் மோந்து பார்க்கிற பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதில் மாட்டுத் தொழுவமும் இருக்கு, மருந்துக் கடையும் இருக்கு, ஈரச் சாக்கும் இருக்கு. பழகப் பழகத்தான் அது இனிக்கும். போத்தலில் வருவது அந்தத் தொழுவத்தைக் கழுவிவிட்டு, அரை இருட்டு ஹோட்டல் வரவேற்பறை மாதிரி ஆக்கிய ஒன்று. அது மோசம் என்று சொல்லவில்லை. எங்களில் ரெண்டு பேர் அதைத்தான் பூசுகிறோம்.

இதில் ஒரு வீட்டுச் சண்டையும் இருக்கு. யுனிசெக்ஸ் ஸ்டிக்கர் எங்கட பெண்பிள்ளைகளுக்கு ஒரு சாட்டாக உதவுகிறது. கெம்பஸுக்குப் போகிற ஒருத்தியும் அவளின் மூத்தம்மாவும் பேசியது இது:

"என்னடி புள்ள, ஆம்பிளயள்ட சென்ட்ட அடிச்சிரிக்காய்?"

"இது ரெண்டு பேருக்கும் உள்ளது மூத்தம்மா. பூ வாசம் இல்ல, மரம்."

"மரமெண்டா மணக்காதாக்கும்? தெருவுக்குப் போறண்டா கழுவிட்டுப் போ. ஊட்டுக்க எண்டா நானும் பூசுறன், கொண்டா."

மூத்தம்மா வாசற்படிச் சட்டத்தை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். பேத்தி வாதாடுவது அந்தப் படியைப் பற்றித்தான். ஆண் வாசமா பெண் வாசமா என்பது ரெண்டு பேருக்கும் ஒரு பொருட்டே இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு கொஞ்சக் காலம் இந்தப் படி ஆண்களுக்கும் வந்தது. கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது அத்தர் பூசாமல் போனவர்களை எங்களுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம், வாசத்தை வைக்க ஏலாது. 'கூட்டத்தில் தனியாகத் தெரிகிறவர்' என்ற வரிக்கு அந்த மாதங்களில் வேறு பொருள் இருந்தது.

எந்த ஸ்டிக்கரும் இல்லாமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்கிற மரவாசம் ஒன்று எங்களிடம் உண்டு. மையத்துக்குப் போடுகிற கற்பூரம். கற்பூரமும் மரம்தான். பழைய காலத்தில் பேர்போன கற்பூரம் சுமத்ராவின் பாரூஸ் கரையில் இருந்து வந்தது, அரபிகள் அதை ஃபன்சூரி என்றார்கள். அந்த பாரூஸுக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு வைத்த கல்வெட்டு. கற்பூரத்துக்கும் தமிழுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவு பழையது.

ஜனாசாவைக் குளிப்பாட்டும் முறைக்கு அடிப்படையாக எல்லாரும் எடுக்கிற ஹதீஸ் உம்மு அதிய்யா என்ற பெண்மணி அறிவித்தது. நபிகளாரின் மகள் மௌத்தானபோது, இலந்தை இலை கலந்த தண்ணியால் ஒற்றைப்படையாகக் கழுவி, கடைசித் தடவையில் கற்பூரம் சேர்க்கச் சொன்னார்கள் என்று அதில் வருகிறது. ஒரு பெண் ஒரு பெண்ணைக் குளிப்பாட்டிய அந்த முறைதான் ஆண்களுக்கும். கபன் துணியில் வித்தியாசம் உண்டு, ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. வாசத்தில் வித்தியாசம் இல்லை. கபனுக்குப் புகை பிடித்து, நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் என்று ஸுஜூதில் நிலத்தில் படுகிற இடங்களில் கற்பூரமும் அத்தரும் வைப்பார்கள். பெண் ஜனாசாவைக் குளிப்பாட்டுகிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊர் அவர்களின் பெயரை எங்கேயும் எழுதி வைப்பதில்லை, ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் அவர்களின் வீட்டைத்தான் தட்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோது, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் இந்த முறையைப் பலருக்குச் செய்ய நேரமும் இருக்கவில்லை, துணியும் இருக்கவில்லை. கடலின் வேலை அது, யாரும் யாரையும் கேட்க ஏலாது.

2020இல் நடந்தது கடலின் வேலை இல்லை. கொவிட்டில் மௌத்தானவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அந்த வருச ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. அடக்குவதால் நோய் பரவாது என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் அப்போதே இருந்தது. குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, கற்பூரம் இல்லை. டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு பிள்ளையையும் எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பொரளை மயான வேலியில் ஆக்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் வந்து கட்டினார்கள். கபன் துணியின் ஒரு கிழியல். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்குவதற்கு அனுமதி வந்தது, மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாசாக்கள் அடக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், எல்லாச் சமயத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், எரிக்கப்பட்ட வாப்பாவுக்காக வருசா வருசம் யாசீன் ஓதுகிறார்கள். போய் நிற்க ஒரு கபுறு இல்லாதபடியால் அவருடைய அறையில்தான் ஓதுவது. அந்த வீட்டு மூத்த மகள் சவூதியில் இருந்து கொண்டு வந்த மப்கரா இருக்கு, கரண்டில் சூடாகிறது. அன்றைக்கு மட்டும் அதைப் பாவிப்பதில்லை. உம்மா பின்கட்டில் இருந்து பழைய சட்டியை எடுத்து, சிரட்டைக் கரி பற்றவைத்து, ஊதும் சாம்பிராணியும் கலந்து தூவுகிறார்.